வாழைப்பழமும் பூசணமும்: வாசகர் கேள்வி – பதில்

பழங்களில் பிடிக்கும் பூசணத்தைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை வாழைப்பழத்தைப் பற்றியே இருந்ததால், இம்முறை அதற்கே முழு இடத்தையும் ஒதுக்கியிருக்கிறோம். பதில் அளிப்பவர், அறுவடைக்குப் பிந்தைய பழ நோய்களை ஆராய்வதிலேயே தம் பணிக்காலம் முழுவதையும் கழித்தவர்.

கேள்வி: கடையில் வாங்கிவந்த சீப்பு ஒன்றில், காம்புகள் ஒன்றுசேரும் இடத்தில் இரண்டே நாளில் பஞ்சு போன்ற வெள்ளைப் பூசணம் படர்ந்துவிட்டது. பழங்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. பயந்துபோய் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டேன். நான் செய்தது சரிதானா?

முழுச் சீப்பையும் எறிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்த்தது, விற்பனைக்கு வரும் வாழைப்பழத்தில் மிக அதிகமாகக் காணப்படும் நோய்களுள் ஒன்றான சீப்பின் அடி அழுகல். அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், எதை எறிவது, எதை வைத்துக்கொள்வது என்பது தானாகவே விளங்கிவிடும்.

தாரிலிருந்து சீப்பைக் கத்தியால் பிரிக்கும்போது, காம்புகள் கூடும் தடித்த அடிக்கட்டையில் ஒரு வெட்டுக்காயம் உண்டாகிறது. அதுவரை தோலால் மூடியிருந்த சதை முதன்முதலாக வெளியே திறந்துகொள்வது அந்த இடத்தில்தான். வெட்டியதும் கசியும் வாழைப்பால் காயில் கறையாகப் படிந்துவிடாமலிருக்கச் சீப்புகளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு அலசுவார்கள். ஒரே தண்ணீரில் ஏராளமான சீப்புகள் அலசப்படும்போது, காய்ந்த பூக்களிலும் இலைச் சருகுகளிலும் ஒட்டிவந்த பூஞ்சை வித்துகள் அந்தத் தண்ணீரில் கலந்து, புதிதாக வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளில் போய்ப் படிகின்றன. வெட்டுமுகத்திலுள்ள நுண்குழாய்கள் தண்ணீரைச் சற்று உள்ளே இழுத்துக்கொள்வதால், மேற்பரப்பைத் துடைத்துவிட்டாலும் உள்ளே போன வித்துகள் அங்கேயே தங்கிவிடும். கொலெட்டோட்ரைக்கம், ஃபியூசேரியம், லாசியோடிப்ளோடியா எனப் பல இனப் பூஞ்சைகள் இதில் கூட்டாக வேலை செய்கின்றன. அதனால்தான் ஒரு சீப்பில் வெள்ளையாகவும், இன்னொன்றில் சாம்பல் நிறமாகவும், மற்றொன்றில் இளஞ்சிவப்பாகவும் பூசணம் தெரிகிறது.

முதலில் வெட்டுமுகத்தில் பூசணம் படரும். அடுத்து அடிக்கட்டை கறுத்து மென்மையாகும். பிறகு அழுகல் காம்புகளுக்குள் இறங்கும். அப்போது சீப்பைத் தூக்கினால் பழங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து விழும். பூசணம் அடிக்கட்டையோடு நின்றிருந்து, காம்பு கெட்டியாகவும், தோல் வெடிப்பின்றியும் இருந்தால், பழங்களைக் காம்போடு வெட்டிப் பிரித்து, கழுவித் துடைத்து, அன்றோ மறுநாளோ சாப்பிட்டுவிடலாம். காம்பு கறுத்துக் குழைந்திருந்தால் அந்தப் பழம் வேண்டாம். உரித்த பிறகு காம்புப் பக்கத்துச் சதை பழுப்பாகவோ நீர்கோத்தோ தெரிந்தாலும், புளித்த வாடையோ மண்வாடையோ வந்தாலும், அந்தப் பழத்தை முழுதாகவே எறிந்துவிடுங்கள். அடிக்கட்டையைத் தனியே வெட்டி உறையில் போட்டுக் கட்டிவிடுவது நல்லது. பூசணத்தை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, அதை மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வாமையோ மூச்சிரைப்போ உள்ளவர்களுக்கு வித்துகளை உள்ளிழுப்பது, பழத்தை உண்பதைவிடக் கூடுதல் தொல்லை தரக்கூடும்.

கேள்வி: பழுத்த வாழைப்பழத்தில் வரும் பழுப்புப் புள்ளிகள் நோயா? என் மாமியார் அவை இருந்தால்தான் பழம் இனிக்கும் என்கிறார். என் கணவரோ தொடமாட்டேன் என்கிறார்.

இருவருமே பாதி சரி. வாழைப்பழத்தில் புள்ளி என்பது இரண்டு வெவ்வேறு காரணங்களால் வருகிறது.

முதலாவது முதிர்ச்சிப் புள்ளி. பழம் நன்றாகக் கனிந்தபின் தோலிலுள்ள சில செல்கள் சிதைந்து, அவற்றிலிருக்கும் பீனால் சேர்மங்கள் நொதியின் துணையோடு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கலந்து பழுப்பாகின்றன. இதில் எந்தப் பூஞ்சைக்கும் பங்கில்லை. மாவுச்சத்து பெரும்பாலும் சர்க்கரையாக மாறிவிட்ட வேளையில் இவை தோன்றுவதால் உங்கள் மாமியார் சொல்வது பொருத்தமே.

இரண்டாவது ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சை நோய். கொலெட்டோட்ரைக்கம் மூசே என்ற பூஞ்சையால் வருவது. தொடக்கத்தில் இதுவும் சிறு பழுப்புப் புள்ளியாகவே தெரியும். ஆனால் ஓரிரு நாளில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கறுத்து, நடுவில் குழிந்துவிடும். ஐயம் இருந்தால் சன்னலோர வெளிச்சத்தில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். முதிர்ச்சிப் புள்ளி தோலோடு தோலாகத் தட்டையாக, வெறும் நிற மாற்றமாக இருக்கும். விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படாது. ஆந்த்ராக்னோஸ் புள்ளியின் குழிவுக்குள், ஊசிமுனை அளவில், ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்த பிசுபிசுப்பான சிறு மொட்டுகள் வரிசையாக நிற்கும். அந்த ஒவ்வொரு மொட்டும் எண்ணற்ற வித்துகளின் திரள். நான் மாணவர்களுக்கு இந்த நோயைக் காட்டும்போது முதலில் கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டு, பெயரைப் பிறகுதான் சொல்வேன். ஒருமுறை பார்த்தவர் பிறகு எக்காலத்திலும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

ஆந்த்ராக்னோஸ் புள்ளிகள் சிலவாக, தோலளவில் நின்றிருந்தால், உரித்துப் பார்த்துச் சதை கெட்டியாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு உண்ணலாம். புள்ளிக்கு நேர் கீழே சதை கறுத்தோ குழைந்தோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வாங்கும்போது ஒரு கீறல்கூட இல்லாத பச்சைக்காய், வீட்டில் பழுத்ததும் கறும்புள்ளியாகிறது. பூஞ்சை என் வீட்டிலிருந்து வந்ததா, கடையிலிருந்தா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை, தோட்டத்திலிருந்து வந்தது. மேலே சொன்ன ஆந்த்ராக்னோஸ் பூஞ்சையின் வாழ்க்கையில் என்னை இன்றும் வியக்கவைக்கும் பகுதி இதுதான். காய் மரத்தில் இளசாக இருக்கும்போதே, காய்ந்த இலைகளிலும் பூவின் மிச்சங்களிலும் உருவான வித்துகள் மழைத்துளி தெறித்துக் காயின் மேல் வந்து விழுகின்றன. ஈரம் கிடைத்ததும் அவை முளைத்து, தோலின் மேல் ஒட்டிக்கொள்ளும் கரிய கெட்டியான ஒரு பற்றுறுப்பை உண்டாக்கிக்கொண்டு, அத்தோடு நின்றுவிடுகின்றன. பச்சைக்காயின் தோலில் பூஞ்சையை எதிர்க்கும் சேர்மங்கள் மிகுதியாக இருப்பதால், அதற்கு மேல் உள்ளே நுழைய முடிவதில்லை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், எந்த அடையாளமும் காட்டாமல் அது அங்கேயே காத்திருக்கும்.

காய் பழுக்கத் தொடங்கும்போது எத்திலீன் வாயு வெளிப்படுகிறது, எதிர்ப்புச் சேர்மங்கள் குறைகின்றன, சர்க்கரை கூடுகிறது. காயைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன், பூஞ்சைக்கும் எழுந்திருக்கச் சொல்லும் சமிக்ஞையாக இருக்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பச்சைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு இது நோயற்றது என்று விற்பவராலும் உறுதி சொல்ல முடியாது, வாங்குபவராலும் கண்டுபிடிக்க முடியாது. இதன் காரணமாகவே, தோட்டத்தில் காய்ந்த இலைகளை அகற்றுவதும், தாருக்கு உறை மாட்டுவதும், காயின் நுனியில் ஒட்டியிருக்கும் பூவை உரிய காலத்தில் கிள்ளியெடுப்பதும், பின்னாளில் தெளிக்கும் எந்த மருந்தையும்விட முக்கியமானவை என்று நான் கருதுகிறேன்.

அடிபட்ட இடத்தில் வரும் கறுப்பு வேறு வகை. சுமக்கும்போதோ அடுக்கும்போதோ ஏற்பட்ட கீறல் வழியாக அதே பூஞ்சை புகுந்தால், பழுக்கும் வரை காத்திராமல் பச்சைக்காயிலேயே பெரிய கரும்பட்டையாகப் படரும்.

கேள்வி: வாழைப்பழத்தின் நடுவில் சிவப்பாக இருந்தால் அதில் யாரோ இரத்தத்தை ஊசியால் செலுத்தியிருக்கிறார்கள் என்று படத்தோடு ஒரு செய்தி கைப்பேசியில் வந்தது. எச்.ஐ.வி. தொற்றும் என்றும் எழுதியிருந்தார்கள். உண்மையா?

உண்மையில்லை. இந்தச் செய்தி பல ஆண்டுகளாகப் பல நாடுகளில், பல மொழிகளில் சுற்றிவருகிறது. எத்தனை தாய்மார்களை இது அச்சுறுத்தியிருக்கும் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது. எச்.ஐ.வி. மனித உடலுக்கு வெளியே பழத்துக்குள் பிழைத்துப் பெருகுவதில்லை. உணவு உண்பதால் அது தொற்றுவதும் இல்லை.

சிவப்புக்குக் காரணம் தாவர நோயே. நைக்ரோஸ்போரா என்ற பூஞ்சை பழத்தின் நடுத்தண்டில் கருஞ்சிவப்பு நிறத்தை உண்டாக்கும். இதன் ஒரு கடுமையான வடிவத்தில் உட்சதை திரவமாகி, பழத்தை அழுத்தினால் பீறிட்டு வரும். மொக்கீயோ எனப்படும் பாக்டீரியா நோயிலும் நடுப்பகுதி கருஞ்சிவப்பாக மாறும். இவை பழத்தின் நோய்கள், மனிதருடையவை அல்ல. ஆனாலும் நோயுற்ற சதை சுவையிலும் தன்மையிலும் கெட்டுப்போனது என்பதால், நடுவில் சிவந்த பழத்தை உண்ண வேண்டாம். அதே சீப்பில் மற்றப் பழங்களைக் குறுக்கே வெட்டிப் பார்த்து, நடுப்பகுதி வெளிர்நிறமாக இருந்தால் உண்ணலாம்.

கேள்வி: கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வேகவைத்துக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? சூட்டில் பூஞ்சை செத்துவிடுமே?

சதைக்குள் அழுகல் இறங்கிய பழத்தைக் கொடுக்க வேண்டாம். சூட்டில் பூஞ்சை சாகும் என்பது சரி. ஆனால் சில பூஞ்சைகள் வளரும்போது சுரக்கும் நச்சுகள் சமையல் சூட்டைத் தாங்கிக்கொள்பவை. பூஞ்சை செத்த பிறகும் அவை உணவில் இருக்கும். கெட்டியான உணவுகளில் பூசணம் பிடித்த இடத்தைச் சுற்றிலும் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்று உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்வதுண்டு. ஈரமும் மென்மையும் உள்ள பழச்சதைக்கு அந்த விதி பொருந்தாது. கண்ணுக்குத் தெரியும் பூசணம் வித்து தாங்கும் மேற்பகுதி மட்டுமே. அதன் நிறமற்ற இழைகள் மென்மையான சதைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பதைக் கண்ணால் அளக்க முடியாது.

தேவையில்லாத அச்சம் வரக்கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். தானியங்களிலும் நிலக்கடலையிலும் பூஞ்சை நச்சு எவ்வளவு பெரிய கவலையோ, அந்த அளவுக்குப் புதிய வாழைப்பழத்தில் கவலை இல்லை. தடித்த தோல் ஒரு நல்ல அரண்; அதோடு, கெட்ட வாழைப்பழம் தன் நிறத்தாலும் வாடையாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், யாரும் அதை அதிகமாக உண்டுவிடுவதில்லை. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்குக் கொடுக்கும்போது மட்டும், ஐயம் வந்தால் எறிந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தெரியாமல் பூசணம் பிடித்த துண்டு ஒன்றை விழுங்கிவிட்டேன். மருத்துவரிடம் போக வேண்டுமா?

நலமாக இருக்கும் ஒருவர் ஒரு வாய் விழுங்கிவிட்டால் பெரும்பாலும் எதுவும் ஆகாது. வாயைக் கொப்பளித்துத் தண்ணீர் குடியுங்கள். தொடர்ந்து வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தாலும், உதடு வீங்குதல், தடிப்பு, மூச்சுத்திணறல் போன்ற ஒவ்வாமை அறிகுறிகள் தெரிந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சில பழங்களின் தோலில் புகைக்கரி போல ஒரு படலமும், காம்பிடுக்கில் வெள்ளைப் பொடியும் இருக்கின்றன. இரண்டும் பூஞ்சையா?

கரிப்படலம் பூஞ்சைதான், ஆனால் பழத்தைத் தாக்கும் பூஞ்சையில்லை. சாறுறிஞ்சும் அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்பான திரவத்தின் மேல் வளர்வது அது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும். காம்பிடுக்கிலுள்ள வெள்ளைப் பொடி பல சமயம் மாவுப்பூச்சியின் மெழுகு. குச்சியால் கிளறிப் பாருங்கள்: பொடியின் நடுவே மெத்தென்ற சிறு உடல் ஒன்று நசுங்கினால் அது பூச்சி, இழை இழையாகப் பிரிந்து வந்தால் பூஞ்சை. உலர்ந்த வாழைப்பாலும் வெண்மையாகப் படிவதுண்டு, அதனால் தீங்கில்லை.

கேள்வி: நான் பழ மொத்த விற்பனையில் இருக்கிறேன். ஒரே நாளில் வெட்டிய காய்கள்தான். இருந்தும் சில பெட்டிகளில் ஒன்றிரண்டு சீப்புகள் முன்கூட்டியே பழுத்து, மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகின்றன. இதற்கும் பூஞ்சைக்கும் தொடர்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. பூஞ்சை தாக்கிய திசுவிலிருந்தும் காயம்பட்ட திசுவிலிருந்தும் எத்திலீன் கூடுதலாக வெளிப்படும். மூடிய பெட்டிக்குள் ஒரு சீப்பின் அடிக்கட்டை அழுகத் தொடங்கினால், அந்த வாயு பக்கத்துச் சீப்புகளையும் எழுப்பிவிடும்.

இன்னொரு காரணம் தோட்டத்திலேயே இருக்கக்கூடும். சிகடோகா இலைப்புள்ளி நோய் பழத்தைத் தொடுவதில்லை, இலையை மட்டுமே கருக்குகிறது. ஆனால் இலைப்பரப்பை இழந்த மரத்தின் காய்கள், பார்வைக்குச் சரியான பருவத்தில் இருப்பது போலத் தோன்றினாலும், பயணத்திலேயே பழுத்துவிடும். ஃபிஜித் தீவிலுள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய இந்த நோயின் கடுமையான வடிவமான கருஞ்சிகடோகா, 1963இல் அதே தீவில் கண்டறியப்பட்டு, இன்று வாழை விளையும் பெரும்பாலான வெப்பமண்டல நாடுகளில் பரவியிருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். கொள்முதலின்போது காயை மட்டும் பார்க்காமல் அடிக்கட்டையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். கூரிய கத்தியால் ஒரே வீச்சில் வெட்டிய முகம் வழவழப்பாக இருக்கும். மழுங்கிய கத்தியால் அறுத்ததோ கையால் பிய்த்ததோ நார் நாராகத் தொங்கும், அழுகல் முதலில் தொடங்குவது அங்கேதான். ஒரே குறைபாட்டை நான் எண்ணற்ற கிடங்குகளில் கண்டிருக்கிறேன்: காயைத் தரம் பிரிக்க நான்கு பேர் நிற்பார்கள், கத்தியைத் தீட்ட ஒருவரும் இருக்கமாட்டார். அலசும் தண்ணீரை அடிக்கடி மாற்றச் சொல்லுங்கள். பச்சைக்காயை 13 முதல் 14 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் கொண்டுசெல்லுங்கள். அதற்கும் கீழே போனால் குளிர்க்காயம் பட்டுத் தோல் மங்கிக் கறுக்கும், பழம் சரியாகப் பழுக்காது.

கேள்வி: அப்படியானால் வீட்டில் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாதா?

காயாக இருக்கும்போது வைக்காதீர்கள். நன்றாகப் பழுத்தபின் வைக்கலாம். தோல் கறுத்துவிடும், ஆனால் சதை சில நாள் நன்றாகவே இருக்கும். அந்தக் கறுப்பு குளிரால் வருவது, பூசணத்தால் அல்ல. வெளியே வைப்பதானால் காற்றோட்டமான இடத்தில், ஈரமில்லாமல், முடிந்தால் தொங்கவிட்டு வையுங்கள். ஞெகிழிப் பையில் இறுகக் கட்டி வைத்தால் உள்ளே வியர்க்கும். அந்த வியர்வைதான் அடிக்கட்டையில் இருக்கும் வித்துக்கு வேண்டிய ஈரம்.

கேள்வி: பூசணம் பிடிக்காமலிருக்க வாழைப்பழத்தில் மருந்து போடுகிறார்கள் என்கிறார்களே, உரித்துவிட்டுத்தானே உண்கிறோம், அதனால் ஆபத்து உண்டா?

தொலைதூரச் சந்தைகளுக்குக் கப்பலில் போகும் காய்களின் அடிக்கட்டையில் தயாபெண்டசோல், இமசாலில் போன்ற பூஞ்சைக்கொல்லிகளைத் தெளிப்பதோ பூசுவதோ பரவலான நடைமுறை. எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. எச்சத்தின் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடுகிறது. கவனிக்கவேண்டியது நம் கைகளைத்தான்: தோலைப் பிடித்து உரித்த அதே விரல்களால் சதையைப் பிட்டுக் குழந்தையின் வாயில் ஊட்டுகிறோம். உரிக்கும் முன் பழத்தைக் கழுவித் துடைப்பதும், உரித்தபின் கையைக் கழுவுவதும் போதுமான பாதுகாப்பு. அடிக்கட்டையைக் குழந்தைகள் கடித்து விளையாட விடாதீர்கள்.

கேள்வி: பனாமா வாடல் நோயால் உலகில் வாழையே அழிந்துவிடும் என்று படித்தேன். நோய் வந்த தோட்டத்துப் பழத்தை உண்டால் நமக்கு ஏதாவது ஆகுமா?

நமக்கு எதுவும் ஆகாது. பனாமா வாடலை உண்டாக்கும் ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் பூஞ்சையின் வாழையைத் தாக்கும் வடிவம் மண்ணிலிருந்து வேர் வழியாக நுழைந்து, மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்து அதை வாடவைக்கிறது. கடுமையாகத் தாக்கப்பட்ட மரம் விற்கத்தக்க தாரைப் பெரும்பாலும் தருவதே இல்லை. தந்தாலும் அந்தப் பழம் உண்பவருக்குத் தீங்கு செய்யாது.

வாழைக்கு வந்திருக்கும் ஆபத்து உண்மையானது. உண்ணும் வாழையில் பெரும்பாலானவற்றுக்கு விதையில்லை. கன்றுகள் வழியாகவோ திசு வளர்ப்பு வழியாகவோ பெருக்கப்படுவதால், ஒரு வகையைச் சேர்ந்த கோடிக்கணக்கான மரங்கள் ஒரே மரத்தின் நகல்கள் போன்றவை. ஒன்றை வீழ்த்தக் கற்ற பூஞ்சைக்கு எல்லாவற்றையும் வீழ்த்தத் தெரியும். ஒரு காலத்தில் ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் என்ற வகை இந்த நோயின் முதல் இனத்திடம் தோற்று, 1960 வாக்கில் வணிகத்திலிருந்து ஏறக்குறைய மறைந்துபோனது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் அந்த இனத்தை எதிர்த்து நின்றது. இன்று ஏற்றுமதியாகும் வாழைப்பழம் ஏறக்குறைய முழுவதும் கேவண்டிஷ்தான். இப்போது அதையே கொல்லும் டி.ஆர்.4 என்ற இனம் ஆசியாவிலிருந்து பரவி, 2013இல் மொசாம்பிக்கிலும், 2019இல் கொலம்பியாவிலும், 2021இல் பெருவிலும் உறுதிசெய்யப்பட்டது.

இதற்குத் தெளிக்கும் மருந்து எதுவும் பலன் தரவில்லை; பூஞ்சையின் ஓய்வு வித்துகள் வாழையே இல்லாத மண்ணிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். எதிர்ப்பாற்றலுள்ள வகைகளைத் தேடும் முயற்சிகள் நடக்கின்றன. காட்டு வாழை ஒன்றின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ஒரு கேவண்டிஷ் வகைக்கு ஆஸ்திரேலியா 2024இல் ஒப்புதல் அளித்தது. வாழை என்ற பயிரே அழிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஒரே வகையை மட்டும் நட்டு உலகம் முழுவதும் விற்கும் முறை நீடிக்காது என்றே நினைக்கிறேன். வகைகள் பல இருக்கும் இடத்தில் ஒரு பூஞ்சையால் எல்லாவற்றையும் ஒருசேர வீழ்த்த முடியாது.

கேள்வி: பூசணம் பிடித்த தோலை வீட்டுத் தோட்டத்தின் உரக்குழியில் போடலாமா? அங்கே இரண்டு வாழைமரங்கள் இருக்கின்றன.

போடலாம். மேலே மண்ணோ சருகோ போட்டு மூடிவிடுங்கள். தோலில் இருக்கும் அழுகல் பூஞ்சைகள் ஏற்கெனவே எல்லாத் தோட்டங்களிலும் இருப்பவையே. வாடல் நோய் பழத்தோலில் வருவதில்லை. கன்றிலும், கிழங்கிலும், மண்வெட்டியிலும் செருப்பிலும் ஒட்டிய மண்ணிலும்தான் வருகிறது. வேறொரு தோட்டத்திலிருந்து யாராவது கன்று கொண்டுவந்து கொடுத்தால், நடுவதற்கு முன் கிழங்கை மெல்லியதாகச் சீவிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் செம்பழுப்புப் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் அந்தக் கன்றை நடாதீர்கள். சீவிய கத்தியையும் நன்றாகக் கழுவிவிடுங்கள்.